மண்டபம் எங்கிட்டு இருக்குங்க?

கல்லூரியில் தமிழ் டியூட்டர் வேலைக்குச் சேருகிறவன் பாடம் நடத்தப் போவதாக நினைத்துக்கொண்டு சேருகிறான். அவனை எடுப்பதென்னவோ மாணவர்களைப் போட்டிக்கு ஓட்டிக்கொண்டு போய்த் திரும்ப ஓட்டி வருவதற்குத்தான். உங்களில் யாராவது அழைப்பிதழும் கையுமாக ஒரு பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து, அதில் போட்டிருக்கும் மண்டபத்தைத் தேடி அலைந்து, செருப்பு வார் அறுந்து, கடைசியில் பெருக்குகிறவரிடம் போய், "போட்டி முடிஞ்சிருச்சாங்க?" என்று கேட்டிருந்தால் நீங்கள் எனக்கு உறவுமுறை. மேற்கொண்டு படியுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டையில் உத்தியோகம். வருஷா வருஷம் பல்கலைக்கழகத்தில் நடக்கும் விவாதப் போட்டிக்கு என் பொறுப்பில் இரண்டு பேர். ஆவூர் ஆரோக்கியசாமிதான் எங்கள் பேச்சாளன். ஆலங்குடிச் சிதம்பரம் துணைப் பேச்சாளன். பேச்சு சுமார், தைரியம் அதிகம். முந்தின இரண்டு வருஷமும் நாங்கள் மண்டபத்தைக் கண்டுபிடித்த நேரத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். போன வருஷத்து வழியை வைத்துக்கொண்டு இந்த வருஷம் போகவும் முடியாது. வருஷத்துக்கு ஒரு கட்டடத்தில் போட்டியை வைப்பார்கள். எந்தக் கட்டடமும் மனக்குறைப்படக் கூடாது என்ற பெருந்தன்மை.

ஆரோக்கியசாமிக்கு இது கடைசி வருஷம். அந்த மேடையில் ஏறி ஐந்து நிமிஷம் பேசிவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. நாட்டுக்கு வேண்டியது ஆலையா, கண்மாயா என்பது தலைப்பு. கண்மாய்க் கட்சி இவன். "மழை நம்ம சீமைக்கு வர்றதே விருந்தாளி மாதிரி. வந்தவரை உட்கார வைக்க ஒரு இடம் வேண்டாமா?" என்று பஸ்ஸில் அவன் பேசிக் காட்டியபோது முன் சீட்டுக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இவனை எப்படியும் மேடையேற்றிவிடுவது என்று வைராக்கியமாக இறங்கினேன்.

கேட்டுக்கு மட்டும் காவல்

வாசலில் காக்கிச் சட்டை, கையில் தடி, நல்ல ஆகிருதி. பார்த்தவுடனேயே எல்லாம் தெரிந்தவர் மாதிரி இருந்தார். அழைப்பிதழை நீட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

"மண்டபம் எங்கிட்டு இருக்குங்க?" என்று சிதம்பரம் கேட்டான். தெரியாது என்றார். எத்தனை வருஷமாக இங்கே வேலை என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். மனிதருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"சார், நான் கேட்டுக்குத்தான் வாட்ச்மேன். உள்ளே என்ன இருக்குன்னு பாக்குறது என் வேலை இல்லே."

நாலு திருப்பம்

இங்கேதான் சிதம்பரம் தலைமையேற்றான். எங்கள் ஊர் தெரிந்தவர்களுக்கு இது புரியும். புதுக்கோட்டையில் வீதிகள் எல்லாம் கோடு போட்ட மாதிரி நேராக ஓடும். கீழ ராஜ வீதி, அதற்குப் பின்னால் கீழ இரண்டாம் வீதி, அதற்குப் பின்னால் மூன்றாம் வீதி. வழி தப்பினால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வலது கைப்பக்கமாக நாலு தடவை திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். இந்தச் சாஸ்திரம் உலகம் பூராவும் செல்லும் என்பது ஊர்க்காரர்கள் எல்லோருடைய நம்பிக்கை. என்னுடையதும்தான்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ரோடு போட்ட புண்ணியவான் நேர்கோட்டைக் கண்ணால் பார்த்திராதவர். ஒவ்வொரு ரோடும் வளைந்து வளைந்து போய்ப் பாதியில் வேறு ரோடாகிவிடுகிறது. முதல் திருப்பத்தில் பூச்சிகளைப் பற்றிப் படிக்கும் கட்டடம். இரண்டாவதில் வெறும் முள்வேலி. மூன்றாவதில் பூச்சிக் கட்டடத்தின் முதுகு. நாலாவது திருப்பத்தில் பெண்கள் விடுதியின் சமையற்கட்டு முற்றத்தில் போய் நின்றோம்.

காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வார்டன் அம்மாள் வந்தார். அழைப்பிதழைக் காட்டி, நாங்கள் கண்ணியமானவர்கள் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் அழைப்பிதழைப் பார்க்கவில்லை. எங்கள் மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"போன வருஷமும் இங்கே வந்து நின்னது நீங்கதானே?"

மரத்தடி வழிகாட்டி

வேப்பமரத்தடியில் ஒரு மாணவன். சட்டையில் 'வழிகாட்டி' என்று எழுதிய பட்டை குத்தியிருந்தான். அந்த எழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. ஆரோக்கியசாமி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

மண்டபம் எங்கே என்று தனக்குத் தெரியாது என்றான் அவன். சரி, எங்களோடு வந்து விசாரித்தாவது கொடு என்றேன். மரத்தை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவாம். அப்படியானால் யாருக்கு எந்த வழியைக் காட்டுவதற்காக உன்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்டேன். சத்தம் கொஞ்சம் கூடத்தான் போயிருக்கும். பாவம், அவன் கோபிக்கவில்லை.

"வழி தெரிஞ்சவங்க எல்லாரையும் சாப்பாட்டுக் கமிட்டியிலே போட்டுட்டாங்க சார்."

கப்பு

அன்றைக்குக் கேட்டதிலேயே உருப்படியான தகவல் அதுதான். சாம்பார் வாசனையைப் பிடித்துக்கொண்டு போனோம். கரண்டியோடு நின்ற ஒரு கமிட்டிக்காரர் எங்களை ஒரு சந்து வழியாகக் கூட்டிப்போய் மண்டபத்தின் வாசலில் விட்டார். கடிகாரத்தைப் பார்த்தேன். போட்டி தொடங்க நேரம் இருந்தது. ஆரோக்கியசாமி தலையை வாரிக்கொண்டான். அவன் முகத்தில் அப்படியொரு களையை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

உள்ளே மூன்று நடுவர்கள், ஒரு மைக், ஒரு கப்பு. வேறு ஈ காக்கை இல்லை. காத்திருந்தோம். குறித்த நேரம் வந்து, அதுவும் வெகுவாகத் தாண்டிப் போயிற்று. அழைத்திருந்த மற்ற கல்லூரிகள் எல்லாம் எந்தெந்தச் சமையற்கட்டில் நின்றனவோ, ஒருவரும் வந்து சேரவில்லை. தலைமை நடுவர் எழுந்து நாங்கள் வெற்றி பெற்றதாக அறிவித்தார். ஆரோக்கியசாமி கப்பைப் பார்க்கவே இல்லை. "ஐயா, நான் ஒரு அஞ்சு நிமிஷம் பேசிக்கிறேனே" என்றான். எதிர்க்கட்சி இல்லாமல் பேசினால் அது விவாதமில்லை, பிரசங்கம் என்றார் அவர். "நான் ஆலைக் கட்சி பேசுறேன்" என்று சிதம்பரம் முன்னால் வந்தான். ஒரே கல்லூரி ஒட்டியும் வெட்டியும் பேச விதியில் இடமில்லையாம். நானும் கெஞ்சினேன். நடுவர் கப்பைத் தூக்கி ஆரோக்கியசாமி கையில் திணித்தார்.

"எடுத்துக்கிட்டுப் பொறப்படுங்க தம்பி. பொழுது சாயுறதுக்குள்ளே நாங்க வெளியே போற வழியைத் தேடணும்."

பாராட்டு விழா

ஊர் திரும்பும் வரை பையன் கப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஜன்னல் வழியே காய்ந்து கிடந்த கண்மாய்களைப் பார்த்துக்கொண்டு வந்தான். மறுநாள் கல்லூரியில் பாராட்டு விழா என்று பிரின்சிபால் சொன்னதும், சரி, இந்த மேடையிலாவது பேசட்டும் என்று நானே போய் மைக்கின் உயரத்தைச் சரிபண்ணி வைத்தேன்.

பிரின்சிபால் பேசினார். ஆரோக்கியசாமியின் நாவன்மையைப் பற்றிப் பேசினார். அவன் குரல் வளத்தை, அவன் வாதத் திறமையைப் பற்றி விரிவாகப் பேசினார். அவன் பேசி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை; அதனால் தங்கு தடையில்லாமல் பேச முடிந்தது. அவர் முடித்ததும் பையன் மைக்குக்கு முன்னால் வந்து கை கூப்பினான். மணி அடித்தது. "சரி சரி, எல்லாரும் கிளாசுக்குப் போங்க" என்றார் பிரின்சிபால். ஒரு நிமிஷத்தில் ஹால் காலி. மைக்கைக் கழற்ற வந்த ஆள் ஆரோக்கியசாமியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். கூப்பிய கையை இறக்காமலே என் பக்கம் திரும்பினான்.

"அவையோர்க்கு வணக்கம்னு சொல்லவாவது விட்டிருக்கலாம்ங்கய்யா."

இந்த உத்தியோகத்தில் அலைந்து திரிந்து நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான்: பேசத் தெரிந்தவனுக்குக் கப்பு, மற்றவர்களுக்கு மைக்.