பூசை நாளில் இறுகிய இறப்பர்

கூட்டத்தில் முதலாளி இருந்தார், மனேச்சர் இருந்தார், கணக்காளர் இருந்தார், கொம்பனியின் வரலாற்றை எழுதிய நான் இருந்தேன். கலவை இயந்திரத்தில் வேலை செய்த நாலு பேரில் ஒருவரும் இல்லை. கூட்டமோ அவர்களைப் பற்றியது. அந்த நாலு பேரில் ஒருவர் என் அப்பா.

அச்சுவேலிப் பக்கம், செருப்புக்குப் பசை காய்ச்சிய ஒரு தகரக் கொட்டிலில் தொடங்கிய கொம்பனி அது. சாதாரண இறப்பர் மண்ணெண்ணெய் பட்டால் ஊதிப் போகும். நீர்வேலி வாழைத் தோட்டங்களில் மண்ணெண்ணெயில் ஓடித் தண்ணீர் இறைக்கும் மெசின்களுக்கு, கசிவை அடைக்கும் வாசர் வளையம் நின்றுபிடிக்காமல் சனம் அலைந்த காலத்தில், செயற்கை இறப்பரில் வாசர் செய்து கொடுத்துத்தான் கொம்பனி நிமிர்ந்தது. பிறகு குருநகர் வள்ளங்களின் வெடிப்பு அடைக்கும் பசை, தண்ணீர்த் தாங்கிக்குப் பூசும் பூச்சு என்று இரசாயனப் பக்கமும் வளர்ந்தது. இதையெல்லாம் ஆண்டுவிழாவுக்குப் புத்தகமாக எழுத என்னைப் பிடித்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்துக் கம்பசுக்குப் போன முதல் ஆள் நான். தொழிலாளியின் மகனே எழுதினால் வடிவாயிருக்கும் என்று பூசைக்கும் விழாவுக்கும் கனடாவிலிருந்து வந்துபோகும் முதலாளி சொன்னாராம்.

எழுதினேன். ஒரு பக்கத்தில் வந்து சிக்கல் பிடித்துக்கொண்டது.

கலவை இயந்திரம் என்பது இறப்பரையும் கந்தகத்தையும் சூட்டோடு சேர்த்து அரைப்பது. கந்தகம் விழுந்த பிறகு அதை இடையில் நிறுத்தக்கூடாது. உள்ளேயே வெந்து இறுகிவிடும். ஆயுத பூசைக்கு முதல்நாளே இயந்திரத்தை வெறுமையாக்கிக் கழுவி வைப்பது அங்கே வழமை. பூசையன்று அதை இயக்குகிறவர்களே மாலை போடுவார்கள். போட்டால் மறுநாள் காலைவரை ஒருவரும் தொடமாட்டார்கள். ஒரு வருடம் அவசர ஓடர் ஒன்று வந்ததால், பூசையன்று காலையிலும் ஒரு கலவை போடச் சொன்னார் மனேச்சர். பாதியில் ஐயர் வந்துவிட்டார். சாமான் உள்ளே கிடக்கிறது, அரை மணித்தியாலம் தாருங்கள் என்று அப்பா கேட்டிருக்கிறார். நல்ல நேரம் போகுது, நிப்பாட்டுங்கோ என்றாராம் முதலாளி. நிறுத்தினார்கள். மாலையும் விழுந்தது.

அதற்குப் பிறகு தொடுவதற்கு முதலாளிக்கும் துணிவில்லை, மனேச்சருக்கும் இல்லை. என் அப்பாவுக்கும் இல்லை. சாமிக்குப் போட்ட மாலையைக் கழற்ற அங்கே யார் துணிவது? விடிய வந்து பார்த்தால் உள்ளே ஒரே கல். உளியால் கொத்தியும் சரிவரவில்லை. இயந்திரம் போய்விட்டது. நாலு பேரின் சம்பளத்திலும் வெட்டினார்கள்.

நான் நடந்தபடியே எழுதினேன், அப்பா தொடாமல் நின்றதையும் சேர்த்து. மனேச்சர் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு ஒரே வசனம் போட்டார்: “தொழிலாளரின் கவனயீனத்தால் பழைய இயந்திரம் பழுதடைந்தது.” அதற்காகத்தான் கூட்டம்.

அப்படியென்றால் அந்தக் கதையையே விடுங்கள் என்றேன். விடேலாதாம். புது இயந்திரம் வந்த பிறகுதான் கொம்பனி பெரிதானது, அது ஏன் வந்தது என்று சொல்லத்தான் வேண்டுமாம்.

“தம்பி, ஒரு வசனம்தானே,” என்றார் மனேச்சர்.

“ஒரு வசனம்தான் ஐயா. அப்ப உங்கடை பேரைப் போட்டு எழுதுங்கோ.”

கணக்காளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேசையைப் பார்த்தார். முதலாளி சிரிக்கவில்லை. புத்தகம் அந்த வசனத்தோடு அச்சாகி வந்தது. அட்டையில் என் பெயர்.

அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. மறைத்திருந்தால் அவருக்குத் தெரிய வந்திருக்காது. நான் மறைக்கவில்லை, அந்த வசனத்தை வாசித்துக் காட்டினேன். திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“நீ முதல் எழுதினதிலை நான் தொடாமல் நிண்டதும் இருந்ததோ?”

“ஓம்.”

“அது இருக்கட்டும். அது உண்மை. இது பொய்.” பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு மற்ற மூவரையும் பார்க்கச் சைக்கிளில் போனார்.

புத்தக வெளியீட்டை ஆயுத பூசையன்றே வைத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த விருந்தாளிகள் கதிரைகளில் இருந்தார்கள். புது இயந்திரம் கழுவித் துடைத்து, சந்தனம் வைத்து மினுங்கியது. ஐயர் மாலையை நீட்டினார். அதையும் இயக்கும் அதே நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நேரம் போகுது, போடுங்கோ என்று மனேச்சர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை.

முதலாளி தானே போட்டிருக்கலாம். ஆனால் இயக்குகிறவன் கையால் மாலை போடுவது எங்கள் கொம்பனியின் வழமை என்று முதல் அத்தியாயத்தில் பெருமையாக எழுதச் சொன்னவரே அவர்தான். அந்தப் புத்தகம் அப்போது விருந்தாளிகளின் மடியில் கிடந்தது.

அப்பா குரலை உயர்த்தவில்லை.

“ஐயா, அண்டைக்கு எங்களைக் கேக்காமல் நிப்பாட்டினியள். இண்டைக்கு உங்களைக் கேட்டுத்தான் மாலை போடுவம். அந்த வசனம் கிடக்கப்போகுதோ?”

முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார். நல்ல நேரத்தைத் தவறவிடப் பயந்துதான் அன்று இயந்திரத்தைக் கெடுத்தார். இன்றும் அதே பயந்தான். எடுக்கலாம் என்றார். எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கோ என்றார் நாலு பேரில் ஒருவர். முதலாளி விருந்தாளிகள் பக்கம் திரும்பி, பிழையான வசனம் ஒன்று விழுந்துவிட்டது, தம்பி எழுதினபடியே திருத்தி அடிப்போம் என்றார். அதற்குப் பிறகுதான் மாலை விழுந்தது.

மறுநாள் மனேச்சர் ஒரு யோசனையோடு வந்தார். அந்த வசனத்துக்கு மேலே கடதாசித் துண்டு ஒட்டினால் செலவு மிச்சமாம்.

“எங்கடை பசையாலை ஒட்டினாலும் கிளப்பிப் பாப்பாங்கள், ஐயா,” என்றார் அப்பா.

ஒட்டவில்லை. வந்த புத்தகமெல்லாம் பழைய பேப்பருக்குப் போய், முழுவதும் புதிதாக அடித்தார்கள். அந்த ஒரு வசனத்தை எடுக்கக் கொம்பனிக்குப் போனது மூன்று இலட்சத்து எண்பதினாயிரம் ரூபாய்.