முன்னவன் வைத்த வாஷர்

பணிமனையில் முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் வண்டிகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற ஃபிட்டருக்கு, சொந்த வண்டி என்று ஒன்று வாய்த்தபோது அது ஓடவில்லை. துல்லியமாகச் சொன்னால் பத்து நிமிஷம் ஓடும். பிறகு விக்கும், இருமும், நின்றுவிடும்.

இத்தனைக்கும் வாங்கிய அன்று அந்தக் கிழட்டு லாரி தானாக ஓடித்தான் முற்றத்துக்கு வந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பிரித்த இடமெல்லாம் முன்னால் வைத்திருந்தவனின் கைவேலை: ஒயர்களில் பூக்கட்டியதுபோல் முடிச்சு, டீசல் குழாய் மூட்டில் தோலில் வெட்டிய வாஷர். முகம் தெரியாத ஒருவன்மேல் இவ்வளவு வயிறெரியும் என்று அவர் நினைத்ததில்லை. “தோலை வெச்சு வண்டி ஓட்டியிருக்கான், சர்க்கஸ்காரன்” என்று அதை வீசிவிட்டு, புதுச் செம்பு வாஷரை முறைப்படி மாட்டினார். தொல்லை அன்றுதான் தொடங்கியது.

ஐந்து மாதம் போயிற்று. வடிகட்டியை மாற்றினார், பம்பை இறக்கினார், டேங்கைக் கழுவினார். குழாயில் எங்கோ காற்று புகுகிறது என்று தெரியும். எங்கே என்றும் உள்ளூரத் தெரியும். ஆகவே அந்த ஓரிடம் தவிர எல்லா இடத்தையும் சரிசெய்தார்.

“நாளைக்குப் பழைய இரும்புக்காரர் வர்றார். எனக்குத் துணி காயப்போட முற்றம் வேணும்” என்றாள் மனைவி. அன்று அவர் வீசியதும் பொறுக்கி வைத்திருந்த அந்தத் தோல் வட்டத்தைத் தையல் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினாள். “இதைப் போட்டுப் பாருங்களேன்.”

“அவன் வெச்சதையா? வண்டி என்னோடது.”

“வண்டி உங்களோடதுதாங்க. ஓட்டம் அவனோடதா இருந்துட்டுப் போகட்டுமே.”

“யாருன்னே தெரியாதவனுக்கு இவ்வளவு பரிஞ்சு பேசுறியே!”

“யாருன்னே தெரியாதவன்கூடச் சண்டை போடுறது யாராம்?”

அவர் செம்பைக் கழற்றினார். தேய்ந்து குழிவிழுந்த மூட்டில் செம்பு உட்காராது, தோல்தான் அமுங்கி அடைக்கும். ஆனால் அவனுடைய தோலைத் தொடவில்லை. தன் இடுப்பு பெல்ட்டை உருவினார். நுனியில் வெட்டினால் போதும், நடுவில் வெட்டினார்.

அந்தத் துண்டை வட்டமாக்கி மூட்டில் வைத்து முடுக்கினார். எஞ்சின் பிடித்தது. மனைவி கடிகாரத்தோடு வாசலில் நின்றாள். பத்து நிமிஷம் தாண்டியது. பதினைந்தும் தாண்டியது. பழைய இரும்புக்காரருக்கு வேலையில்லை.

“அவனும் இப்படித்தான் பேன்ட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருப்பானோ?” என்று சிரித்தாள்.

ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்தபடி அவர் மறு கையால் மூட்டைத் தடவிப் பார்த்தார்.

“அவனுக்கு இதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகியிருக்கும்?”