அப்பா பெயின்ற் அடித்த ஆட்லறி

போன வருடம் நெல் வெட்டு முடிந்த கிழமை, நறுவிலிக்குளத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போனோம். மன்னாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் நாங்கள் மூன்று பேர்: என் கணவர், ஒன்பது வயது மகள், நான். வழியில், முந்தி சோதனைச் சாவடி இருந்த இடத்தில், புதிதாகப் புல் வளர்த்து, சுற்றிவரக் கல்லுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். நடுவில் சீமெந்து மேடை. அதில் ஒரு ஆட்லறி, ஷெல் அடிக்கிற பீரங்கி.

"நிப்பாட்டுங்கோ" என்றேன்.

அவர் நிப்பாட்டவில்லை. தோளில் தட்டி மறுபடியும் சொன்ன பிறகுதான் ஓரங்கட்டினார். இறங்கவும் இல்லை.

சின்ன வயதில் அதன் சத்தம் மட்டும்தான் எனக்குத் தெரியும். தூரத்தில் 'டும்' என்று கேட்டதும் பங்கர் குழிக்குள் ஓடுவோம். ஒரு நாள் தம்பி ஓடி வரவில்லை. வயல் கரையில் மாட்டை அவிழ்த்துக்கொண்டு நின்றவன். அவனுக்குப் பத்து வயது. அவனைக் கொன்ற ஷெல்லை அடித்தது யார், எங்கிருந்து அடித்தார்கள் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

இப்போது அது பச்சை நிறத்தில் மினுங்கிக்கொண்டு நின்றது. துருவின் அடையாளமே இல்லை. புதுக் கலியாணச் சோடி ஒன்று குழாயில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது. மூன்று மொழியிலும் நினைவுச்சின்னம் என்று எழுதியிருந்த பலகையை நான் வாசித்துக்கொண்டு நிற்க, மகள் உள்ளே ஓடிப்போய் அதன் சக்கரச் சில்லைத் தட்டிப் பார்த்தாள்.

"அம்மா! இது எங்கட பட்டறையில நிண்ட சில்லு. அப்பாதான் ஒட்டிப் பெயின்ற் அடிச்சவர்!"

பிள்ளை பிழையாகச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அவர் ஹெல்மெற்றைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். நான் அதிகம் போகாத அந்தப் பட்டறையில் வீட்டுப் படலையும் வள்ளத்து எஞ்சின் தாங்கியும் வெல்டிங் வைத்து ஒட்டுகிற மனிதர். என் தம்பியின் படத்துக்குச் சட்டம் அடித்துத் தந்ததும் அவர்தான்.

"ஓமோ?" என்று கேட்டேன்.

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீர் வேண்டாம் எண்டிருப்பீர். வந்து கேக்கிற ஆமிக்காரருக்கு நான் மாட்டன் எண்டு சொல்லேலுமோ? பட்டறை றோட்டுக்கரையிலயல்லோ இருக்கு."

அவரே பிறகு மெல்லச் சொன்னார்: "குழாய்க்குள்ள குளவி கூடு கட்டியிருந்தது. வழிச்செடுத்துப்போட்டு, தகடு வைச்சு வாயை அடைச்சுத்தான் குடுத்தனான்."

அதைக் கேட்டால் நான் ஆறிவிடுவேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்கோ, அந்தக் கையைப் பிடித்துத்தானே இரவும் பகலும் இருக்கிறேன் என்று மனதில் வந்தது. பிள்ளையைக் கூப்பிட்டு ஏற்றினேன்.

அம்மாவுக்கு இது தெரியவே கூடாது என்று இருந்தேன். ஆனால் வீட்டில் அம்மா புது அரிசிச் சோற்றைப் போட்டு என் கணவர் முன்னால் வைத்தபோது, அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தொடாமல் எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டார். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றார். ஏசப்போகிறார், இல்லாவிட்டால் அழப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, அது எவ்வளவு பெரிசு?" என்று மருமகனிடம் கேட்டார்.

"உழவு மெசினை விடக் கொஞ்சம் நீளம் வரும், மாமி."

"அவ்வளவுதானோ?"

அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு அதில் இருந்துவிட்டார். "அவ்வளவுதானோ" என்று திரும்பவும் கேட்டார். இவ்வளவு காலமும் அவர் அதை எந்தப் பெரிய உருவமாக நினைத்துக்கொண்டிருந்தாரோ. என் கணவர் குனிந்தபடி அழுதார். கலியாணம் முடித்த இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் கண்டது அன்றைக்குத்தான். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன், தொடவில்லை.

பின்னேரம் வேறு வழியால், சுற்றித்தான் வீட்டுக்கு வந்தோம்.