என் காரில் பக்கத்து இருக்கை

லைசென்ஸ் பறிபோன மூன்று மாதமும் என் காரில் நான் பக்கத்து இருக்கையில்தான் போனேன். ஓட்டியவன் என் மனைவியின் தம்பி. பென்டில் ஹில்லில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தான். வேலையும் நான் வேலை செய்யும் பேக்கரித் தொழிற்சாலையில்தான். அவனுடைய பழைய கார் அப்போது பழுதாகிக் கிடந்தது.

ஓட்டத்தில் அவன் என்னைவிட யோக்கியன் இல்லை. வேகக் கமெராக்கள் இருவரையும் பிடித்தன. பிடிபடும் ஒவ்வொரு முறையும் லைசென்ஸில் பொயின்ற்ஸ் குறையும்; எல்லாம் முடிந்ததென்று ஒரே கிழமையில் இருவருக்கும் கடிதம் வந்தது. ஆனால் அவன் ஊர் லைசென்ஸைக் காட்டிச் சோதனை பாஸ் பண்ணி, இந்த நாட்டுக்கு வந்த வருடமே முழு லைசென்ஸ் எடுத்தவன். ஊரில் சைக்கிளைத் தவிர ஒன்றும் ஓடாத நான், நாற்பத்தாறு வயதில், புதுசாகப் பழகிய பொடியன்களைப் போலப் பச்சைப் ‘பி’ தகடு மாட்டிக்கொண்டு திரிந்தேன். முழு லைசென்ஸ்காரருக்கு ஒரு சலுகை உண்டு. லைசென்ஸைப் பறிகொடுக்காமல் ஒரு வருடம் நல்ல பிள்ளையாக ஓடிக் காட்டலாம். அதற்குள் இரண்டு பொயின்ற்ஸ் போனால் தண்டனை இரட்டிப்பு, ஆறு மாதம். அவன் அதற்குச் சம்மதித்தான். ‘பி’ காரனுக்கு அந்தப் பேச்சே கிடையாது.

எனக்கு வயிறு எரிந்தது. ஒவ்வொரு நாளும் நான் இருந்து ஓடிய இருக்கையைப் பின்னுக்குத் தள்ளுவான், கண்ணாடியைத் தன் பக்கம் திருப்புவான். “மாமா இஸ் எ பெட்டர் ட்ரைவர்,” என்றாள் மகள். “தம்பி இல்லாட்டி நாங்கள் என்ன பாடுபட்டிருப்பம்,” என்று மனைவி பெரிய மீன்துண்டை அவன் சாப்பாட்டுக் கோப்பையில் வைப்பாள். வால்துண்டு எனக்கு.

காரில் நான் சும்மா இருப்பதில்லை. முன்னால் போகும் கார் நெருங்கினால் என் வலது கால் தானாகவே தரையை மிதிக்கும். “அத்தான், அந்தப் பக்கம் பிரேக் இல்லை,” என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்காது.

ஒரு புதன்கிழமை, பின்னேரம் மூன்று மணி. வேலை முடிந்து வந்துகொண்டிருந்தோம். அவன் யாரோ சிநேகிதனின் கலியாணக் கதையை அளந்தபடி அறுபதில் போனான். பள்ளிக்கூடத்தடியில் நாற்பது என்ற பலகையின் விளக்குகள் மின்னுவதைத் தூரத்திலேயே கண்டேன். அங்கே கமெரா இருப்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தடியில் ஒருதரம் பிடிபட்டாலே இரண்டு பொயின்ற்ஸ்.

நான் சொல்லவில்லை. ஆறு மாதம் இவனும் பஸ்ஸுக்கு நிற்கட்டும் என்று நினைத்தேன். வீட்டில் ஓட ஆளில்லாமல் போகும் என்று தெரியும். பிள்ளைகள் வீதிக்கரையில் நிற்பதும் தெரிந்தது. வாயை இறுக்க மூடிக்கொண்டு இருந்தேன்.

கார் ஒரு குலுக்குக் குலுக்கியது. நாற்பதில் கமெராவைத் தாண்டினோம்.

அவனுக்கு வேர்த்துவிட்டது. “நீங்கள் காலால மிதிச்ச சத்தத்திலதான் அத்தான் நிமிர்ந்து பாத்தனான். நீங்கள் இல்லாட்டி இண்டைக்கு என்ர கதை முடிஞ்சுது.”

குனிந்து பார்த்தேன். என் கால் இன்னும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

சாப்பிடும்போது அவன் அதைத் தன் அக்காவிடம் சொன்னான். அன்றைக்குப் பெரிய மீன்துண்டு என் கோப்பையில் விழுந்தது. தலையை நிமிர்த்தாமல் அதைத் தின்று முடித்தேன்.