ஒரே துணியில் இரண்டு கவுன்

கேட்டது ஒரு கவுன். டேப் அக்கா இரண்டு வெட்டிவிட்டாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் கத்திரி பிடித்த கை. தையல் கால் விரற்கடை விலகினாலும் பிரித்துப் போட்டு மறுபடி தைக்கிற மனுஷி. கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். கல்யாண வீட்டுக்கே ஒருமுறை அதோடு போய் நின்றவள் என்பதால் தெருவே அவளை டேப் அக்கா என்றுதான் கூப்பிடும். அப்படிப்பட்டவள் நீலச் சாட்டின் துணியை அடுக்கடுக்காக மடித்து மேஜையில் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு பேருக்கான துண்டுகளையும் வெட்டி முடித்த பிறகுதான் ஆர்டர் சீட்டை ஒழுங்காகப் பார்த்தாள். "நீல கவுன், ஒன்று" என்றிருந்தது.

அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. அந்த நீல கவுனை அவள் என்றைக்கும் ஒற்றையாகத் தைத்ததே கிடையாது. ஒன்று தனக்கு, ஒன்று தங்கைக்கு. வீட்டில் பொடிசு என்று கூப்பிடப்பட்ட அந்தத் தங்கைதான் இன்று ஊர் உலகம் கொண்டாடும் பாடகி. அவளுடைய வாழ்க்கையைப் படமாக எடுக்கிறார்கள். ஆரம்ப கால உடுப்புகளைத் தைத்தவள் அக்காதான் என்று யாரோ சொல்ல, படக் கம்பெனியில் உடை பார்க்கும் பெண் ஒரு உருளைத் துணியோடு கடைக்கே வந்துவிட்டாள். அன்று டேப் அக்கா தரையில் கால் பாவாமல்தான் நடந்தாள். படத்தில் தன் வேஷத்தில் நடிக்கப் போகிறவளுக்குக் கொஞ்சம் உயரம் இருக்க வேண்டும், மூக்கு இப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் மனசுக்குள் ஆளையே தேர்ந்தெடுத்திருந்தாள்.

இப்போது சீட்டை மேலிருந்து கீழ்வரை படித்தாள். அம்மாவுக்கு நாலு உடுப்பு. அப்பாவுக்குக் கோட்டு இரண்டு. பாட்டு வாத்தியாருக்கு ஒரு வெயிஸ்ட்கோட். ஹால் வாசலில் டிக்கெட் கிழிப்பவனுக்குத் தொப்பி.

"பின்பக்கம் பாரு, உன்னோடது அங்க இருக்கும்" என்றார் அவள் வீட்டுக்காரர். பஸ் ஓட்டுகிறவர், சாப்பாட்டு நேரத்தில் கடைப் பக்கம் வந்து நாலு வார்த்தை சீண்டாமல் அவருக்குச் சோறு இறங்காது.

பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"டிக்கெட் கிழிக்கிறவனுக்குத் தொப்பி இருக்கு. எனக்கு ஒரு பட்டன்கூட இல்லை" என்றாள்.

உடை பார்க்கும் பெண்ணுக்குப் போன் போட்டாள். "இந்தக் கதையில அக்காவே கிடையாதே ஆன்ட்டி. வீட்டுக்கு ஒரே பொண்ணுன்னுதான் இருக்கு" என்றது அந்தப் பிள்ளை, வெகு சாதாரணமாக.

பொறாமை ஒன்றும் அவளுக்குப் புதிதில்லை. பொடிசின் பாட்டு ரேடியோவில் வந்தால் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினைப் போட்டுவிடுவாள். அந்தச் சத்தத்தில் எந்தப் பாட்டும் கேட்காது. பத்திரிகையில் போட்டோ வந்தால் முகத்தைப் பார்க்கமாட்டாள், உடுப்பைத்தான் பார்ப்பாள். "தோள் இறங்கிக் கிடக்கு, எவன் தைச்சான்?" என்பாள். வாடிக்கைக்காரிகள், "அவங்க உங்க தங்கச்சியாமே, நீங்க பாடமாட்டீங்களா?" என்று கேட்டால், அன்றைக்கு அவர்களுடைய உடுப்பு இடுப்பில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் அமையும்.

அவளும் பாடினவள்தான். இரண்டு பேரும் ஒரே மைக்கில், ஒரே நீலத்தில். பொடிசுக்குக் குரல் என்றால் அப்படி ஒரு குரல், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் எண்ணத் தெரியாது. முன்னிசை முடிவதற்குள் அவசரப்பட்டு வாயைத் திறந்துவிடுவாள். வாத்தியக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அதனால் அக்கா அரை அடி பின்னால் நின்று, தங்கையின் இடுப்பில் இரண்டு விரலை வைத்திருப்பாள். மனசுக்குள் எண்ணி, சரியான இடத்தில் அழுத்துவாள். பொடிசு பாட ஆரம்பிப்பாள். ஆறு வருஷம், எத்தனையோ மேடை. அந்த விரல் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

பிறகு ரெக்கார்டிங் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து கேட்டுவிட்டு, "சின்னவங்க மட்டும் போதும்" என்றார். அக்கா இல்லாமல் பாடமாட்டேன் என்று பொடிசு அழுது அடம்பிடித்ததில், "சரி, பக்கத்துல நிக்கட்டும், வாயைத் திறக்கக்கூடாது" என்று விட்டார். டேப் அக்கா நீல கவுனோடு பின்னால் போய் நின்றாள். முன்னிசை ஓடியது. எண்ணினாள். இடம் வந்தது. அவள் அழுத்தவில்லை.

எண்ணிக்கை விட்டுப்போச்சு என்று வெளியே வந்ததும் சொன்னாள். பச்சைப் பொய். பொடிசு திருதிருவென்று முழிக்க வேண்டும், கம்பெனிக்காரர் "பெரியவளைக் கூப்பிடுங்க" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. நடந்தது வேறு. இசை ஒரு முழுச் சுற்று போய்த் திரும்பி வரும்வரை பொடிசு வாயைத் திறக்காமல் நின்றாள். பிறகு தானாகவே மெல்ல ஆரம்பித்தாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவர் எழுந்து நின்று கைதட்டினார். அந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்தியதே அந்த மௌனம்தான் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. குழி பறிக்கப் போனவள் மேடை கட்டிக் கொடுத்துவிட்டு, தையல் மெஷினுக்கு வந்து சேர்ந்தாள்.

ஆனாலும் படத்திலிருந்தே துடைத்து எறிவதா? தங்கைக்குப் போன் போட்டாள்.

"ஏண்டி பொடிசு, நீ எப்ப ஒரே பொண்ணா பொறந்தே?"

"நானே பேசணும்னு இருந்தேங்கா. முதல்ல எழுதின கதையில நீ இருந்தே. பாதிப் படம் நீதான்."

"அப்புறம்? பூனை தூக்கிட்டுப் போயிடுச்சா?"

"கதை எழுதுறவர் குடைஞ்சு குடைஞ்சு கேட்டார்க்கா. இத்தனை வருஷம் தப்பாத விரல் அந்த ஒரு பாட்டுல மட்டும் ஏன் தப்புச்சுன்னு. எண்ணிக்கை விட்டுப்போச்சுன்னு சொன்னேன், சிரிச்சார். அடுத்த வாரம் எழுதிட்டு வந்தார். அதுல ஒரு அக்கா, பொறாமையில வேணும்னே அழுத்தாம நிக்கிறா. படத்துக்கே உயிர் இதுதான்னு குதிச்சார். அப்படின்னா அக்காவே வேணாம், எடுத்துடுங்கன்னுட்டேன். என் அக்காவை ஊரே திட்டுறதை நான் உக்காந்து பார்க்கணுமா?"

"அவன் பாட்டுக்குக் கதை விட்டா..."

"விடுக்கா. உன் விரல் அன்னிக்கு என் இடுப்புலதான் இருந்துச்சு. எண்ணிக்கை தப்பியிருந்தா முன்னாடியோ பின்னாடியோ அழுத்தியிருப்பே. நீ அழுத்தவே இல்லை. நடுங்கிட்டே இருந்துச்சு."

"அப்பவே தெரியுமா?"

"அப்பவே தெரியும்."

"முப்பத்திரண்டு வருஷமா வாயைத் திறக்கலையேடி."

"திறந்திருந்தா நீ என்கூடப் பேசவே மாட்டேக்கா."

வேறு யாராவது என்றால் ஓவென்று அழுதிருப்பார்கள். டேப் அக்கா போனை வைத்துவிட்டுக் கத்திரியை மேஜையில் டொக்கென்று போட்டாள். "குரல் அவளுக்கு. பேர் அவளுக்கு. இப்ப நல்லவங்கிறதும் அவளுக்கே. எனக்குன்னு என்னதான் மிச்சம் வெச்சா?"

"உனக்கு மன்னிச்சாலும் குத்தமா?" என்றார், போனில் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர். சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார்.

மன்னிச்சாலும் குத்தம்தான். கெட்டவளாகக்கூட அந்தக் கதையில் அவளுக்கு இடம் இல்லை என்றால் எப்படிப் பொறுப்பது? வெட்டிய இரண்டாவது கவுன் துண்டுகளை வீசவும் மனசில்லை, தைக்கவும் வழியில்லை; சுருட்டி மெஷின் டிராயரில் திணித்தாள்.

நாலாம் நாள் அளவு பார்க்க, பொடிசாக நடிக்கப் போகிற நடிகை வந்தாள், கூடவே உடை பார்க்கும் பெண்ணும். நடிகை சின்னப் பிள்ளை, துறுதுறுவென்று இருந்தாள். கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். இடுப்பில் துணி கொஞ்சம் தளர்ந்திருந்தது. டேப் அக்கா குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு அரை அடி பின்னால் நின்று, தளர்ச்சியை இரண்டு விரலால் பிடித்தாள். பிள்ளை சும்மா நிற்குமா? வாயசைத்துப் பழக வேண்டும் என்று போனில் பாட்டைப் போட்டுவிட்டாள். அதே பாட்டு. ஓவர்லாக் மெஷின் எட்டாத தூரத்தில் இருந்தது.

முன்னிசை ஓடியது. அவள் எண்ண நினைக்கவில்லை, ஆனால் மனசு எண்ணியது. இடம் வந்தது. விரல்கள் அழுத்தின.

நடிகை சட்டென்று வாயைத் திறந்தாள். போனில் குரல் இன்னும் ஆரம்பிக்கவில்லை. "ஐயோ, அவசரப்பட்டுட்டேனா?"

டேப் அக்கா உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சட்டைக் கையில் குத்தினாள். "இல்லம்மா. ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான்."

"அப்புறம் ஏன் அவங்க அங்க பாடலை?"

"பின்னாடி நின்னவ விரலை அழுத்தலை. அவளுக்குப் பொறாமை."

உடை பார்க்கும் பெண் தலையைத் தூக்கினாள். "பின்னாடி யாரு ஆன்ட்டி? அப்படி ஒரு ஆளே கதையில இல்லையே?"

டேப் அக்கா மெஷின் டிராயரை இழுத்து, சுருட்டி வைத்திருந்த நீலத் துண்டுகளை எடுத்து மேஜையில் உதறி விரித்தாள்.

"உங்க கதை எழுதுறவரை நாளைக்கு என்னை வந்து பார்க்கச் சொல்லு. ரெண்டாவது கவுன் வெட்டி ரெடியா இருக்கு" என்றாள்.