காதர் பாய் பாட்டை நிறுத்திய நாள்

பழவேற்காட்டில் வீடியோ கடை வைத்திருந்த காதர் பாய் அவர்கள் காலமானார் என்று வியாழக்கிழமை காலை என் கணவர் போனில் சொன்னார். ஆய்ந்துகொண்டிருந்த மீனை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சுற்றுவட்டாரக் குப்பங்களில் பாதிக் கல்யாணங்கள் அவர் எடுத்தவை. என்னுடையதும் அப்படித்தான்.

என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; லைட்ஹவுஸ் குப்பத்தில் போட் இன்ஜின் ரிப்பேர் பார்ப்பவர். காட்டூரில் பயிர்வைக்கிற மாப்பிள்ளையை அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. நான் அடம்பிடித்துத்தான் சம்மதம் வாங்கினேன். கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் வீடியோ வந்தது. மாமியார் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். தாலி கட்டும் நேரம், நெஞ்சைப் பிழியும் ஒரு சோகப் பாட்டு. நைனா முகத்தைச் சுளித்து, மேடைக்கு முதுகைக் காட்டி விறுவிறுவென்று போய்விடுகிறார்.

"உங்க நைனாவுக்கு எங்களக் கண்டா அவ்ளோ எளக்காரமா?" என்றார் மாமியார். என் மானமே போயிற்று. போனில் நைனாவைக் கேட்டேன். "என்னையே கேள்வி கேக்கறியா நீ?" என்று வைத்துவிட்டார். அவர் ரோஷம் எனக்கும் உண்டே! இரண்டு வருஷம் பிறந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. எனக்கு மகள் பிறந்தபோதும் அவர் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

ஒரு விசேஷத்தில் அம்மா இதை பாயிடம் சொல்லி அழுதிருக்கிறார். மறுநாள் காலையே லேப்டாப்போடு பஸ் ஏறி வந்துவிட்டார் மனிதர். கொடுத்த டீயைக்கூடக் குடிக்கவில்லை.

"தப்பு என்னுதும்மா. எல்லார்க்கும் பண்ற மாதிரி சத்தத்த எடுத்துட்டு பாட்ட போட்டுட்டேன். இப்ப பாட்டு இல்லாம பாரு."

அதே படம், அதே முகம். மேளச் சத்தத்துக்கு நடுவே ஜெனரேட்டர் விக்குகிறது, அடங்குகிறது, மறுபடியும் விக்குகிறது. இன்ஜினோடே வாழ்ந்த காது அல்லவா! நைனா முகத்தைச் சுளிக்கிறார், ஜெனரேட்டர் பக்கம் ஓடுகிறார். "எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறசொல்லோ லைட்டு போவக்கூடாதுடா, தள்ளு!" என்று அவர் கத்துவது மட்டும் கேட்கிறது. மேடையில் விளக்கு ஒருமுறைகூட அணையவில்லை. எனக்கு அழுகை வெடித்தது. மாமியாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் அந்த மூஞ்சிய கோவம்னுதாம்மா நெனச்சேன். நானே போட்ட பாட்டுல நானே ஏமாந்துட்டேன்" என்றார் பாய்.

அன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவரோடு கிளம்பினேன். நைனா பேத்தியைக் கையில் வாங்கி, "இவ்ளோ நாளு இன்னாமா பண்ண?" என்று மட்டும் கேட்டார். பாய் வாசலோடு திரும்பிப் போய்விட்டார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவும் அவர் இடம் கொடுக்கவில்லை.

நேற்று அவரது உடலைச் சந்தூக்குப் பெட்டியில் தூக்கிப் போனபோது, வழியெல்லாம் ஆட்கள் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். நைனா மட்டும் பள்ளிவாசல் வரை யாருக்கும் தன் இடத்தை விடவில்லையாம். பாய், என் நைனாவை எனக்குத் திருப்பிக் கொடுத்தீர்கள். அந்தத் தோளிலேயே போய் வாருங்கள்.