வழுக்கையாற்றில் சின்னம்மா

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் கோயில் திருவிழாவுக்குத்தான் வருவார்கள், அல்லது மாம்பழக் காலத்தில். என் சின்னம்மா மட்டும் நோர்வேயில் இருந்து அடைமழைக்குள் வந்து இறங்கினார். அம்மாவுக்கு ஒரே தங்கை. நான் பிறந்த பிறகு அவர் வந்தது அதுதான் முதல்முறை. அம்மப்பாவின் செத்தவீட்டுக்குக்கூட வரவில்லை. விசா சிக்கல் என்றார்கள். அம்மா அதை மன்னிக்கவில்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது. சாப்பாடு போட்டிருக்கிறது என்று அடுத்த அறையில் இருந்த தங்கைக்குச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார். சின்னம்மாவும் தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்பதை என்னிடம்தான் சொன்னார். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அப்பா கட்டாரில், கூடப்பிறந்தவர்கள் இல்லை. யாராவது என்னிடம் ஏதாவது சொன்னால் போதும் என்றிருந்த காலம்.

சின்னம்மாவின் பயணப் பெட்டியோடு ஒரு நீளக் குழாயும் வந்தது. அதற்குள் நாலு துண்டாகக் கழற்றி வைத்த தூண்டில் தடி. இரைக்குப் புழு இல்லை. ஒரு சின்னப் பெட்டி நிறைய இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பொய்ப் பூச்சிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கொளுக்கி. எல்லாம் தன் கையாலேயே கட்டியவை என்றார். அங்கே குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுமாம், வேறென்ன செய்கிறது என்றார்.

எங்கள் வயல்களுக்கு நடுவே வழுக்கையாறு ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வெயில் காலத்தில் அதற்குள் மாடு மேயும், பெடியள் பந்தடிப்பார்கள். மாரியில் சில கிழமைகள் மட்டும் அது ஆறு. மழை சற்று விட்ட ஒரு பின்னேரம் சின்னம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். நடக்கும்போது சொன்னார்: "அங்கை என்னோடை வேலை செய்யிறவை கேப்பினம், உங்கடை ஊரிலை ஆறிருக்கோ எண்டு. இருக்கெண்டு சொல்லிப்போட்டன். வந்தும் பாக்காமல் போனால் பொய்யாப் போடும்."

பாலத்தடியில் இரண்டு பேர் வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா தடியைப் பொருத்தி, தடித்த மஞ்சள் நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசத் தொடங்கியதும் வலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். "தங்கச்சி, உது மீன் பிடிக்கிற தடியோ, மாடு கலைக்கிற தடியோ?" என்றார் ஒருவர். சின்னம்மா சிரித்துவிட்டு, அவர்கள் கண்ணில் படாத வளைவுக்கு என்னைக் கூட்டிப்போனார்.

தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் கலங்கிக் கிடந்தது. வெள்ளத்தில் மீன் நடுவே நிற்காது, இழுவை குறைந்த ஓரங்களில் ஒதுங்கும் என்றார். அப்படி ஒரு ஓரம் அக்கரைப் பக்கம் இருந்தது. நடுவே ஒரு மேட்டில் நின்றால் அங்கே வீசலாம். போவதற்கு முன் கரையில், தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியைக் குத்தினார். மழை இல்லாவிட்டாலும் ஆறு ஏறுமாம். குச்சியைத் தண்ணீர் மூடினால் கூப்பிடச் சொன்னார்.

மேட்டில் முழங்காலளவு தண்ணீரில் நின்று சின்னம்மா வீசினார். நூல் விரிந்து போய் விழுவது அழகாகத்தான் இருந்தது. உள்ளங்கையளவு மீன் ஒன்று பட்டது. கொளுக்கியைக் கழற்றி மீனைத் திரும்ப விட்டுவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

குச்சியைப் பார்த்தேன். அது இல்லை.

"சின்னம்மா!" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. மீண்டும் கூப்பிட்டேன். தண்ணீர் அவர் தொடைக்கு ஏறியிருந்தது. ஆனாலும் தடியைத் தாழ்த்திப் பிடித்தபடி அக்கரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். மேலே ஏதோ குளம் நிரம்பி வான் பாய்ந்ததாகப் பிறகு சொன்னார்கள். தொண்டை கிழியக் கத்தியபோதுதான் திரும்பினார். என்னை யார் என்று யோசிப்பவர்போலப் பார்த்தார். பிறகு தடியை விட்டார். அது உடனே போய்விட்டது. நேராக என்னிடம் வராமல் இழுவையோடு சரிந்து சரிந்து நடந்தார். நடுவில் மார்பளவு போய், ஒருமுறை தலையும் மறைந்தது. எவ்வளவோ கீழே, ஒரு மருத மரத்தின் வேரைப் பிடித்தபடி எழும்பினார். நான் கரையோடு ஓடினேன்.

சேற்றிலேயே குந்தியிருந்து மூச்சு வாங்கினார். பேசக்கூடியதானதும், "இன்னொருக்கால் கூப்பிடு" என்றார்.

"சின்னம்மா."

"இன்னொருக்கால்."

காதுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று எனக்கு விளங்கியது. கூப்பிட்டுக்கொண்டே வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

அம்மாவிடம் வெள்ளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சின்னம்மாவுக்குக் காது கேட்கவில்லை, நாலைந்து தரம் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார் என்று மட்டும் சொன்னேன். அம்மா, சேறு வழிய நின்ற தங்கையைக் கனநேரம் பார்த்தார். பிறகு துவாயை எடுத்து அவர் தலையைத் துடைத்தார். உள்ளிப்பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, சூடு ஆறவைத்துக் கொண்டுவந்து பாயில் இருந்தார்.

"இஞ்சை வந்து படு" என்றார். என்னிடம் சொல்லி அனுப்பவில்லை.

சின்னம்மா அம்மாவின் மடியில் தலையை வைத்தார். எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"சுடுகுதே?"

"இல்லை, அக்கா."

நான் குனிந்து, இப்போது கேட்கிறதா என்று மெதுவாகக் கேட்டேன்.

"இன்னும் இல்லை" என்றார் சின்னம்மா, கண்ணைத் திறக்காமல். அம்மா அவர் தலையை மற்றப் பக்கம் திருப்பினார். இவ்வளவு எண்ணெய் விட்டும் அடைப்பு எடுபடவில்லையே, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமே என்று நான் ஒருத்திதான் அங்கே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.